உர்ஃப்: ஷரீஅத்தில் ஊர் வழக்கத்துக்கு எவ்வளவு இடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிக்ஹு, அதாவது இஸ்லாமியச் சட்டவியல், பற்றிப் பேச்சு எடுத்தாலே சுற்றிச் சுற்றி இந்தச் சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒரு பக்கம், "வழக்கமெல்லாம் மார்க்கமாகுமா?" என்று கேட்பவர்கள். இன்னொரு பக்கம், "தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம், எப்படித் தப்பாகும்?" என்பவர்கள். இரண்டு தரப்பும் கேட்பதை இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அலசிவிட்டார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

உர்ஃப்னா என்ன? ஷரீஅத்துல ஊர் வழக்கத்துக்கு இடமே இருக்கா?

மக்களிடையே பேச்சிலோ கொடுக்கல் வாங்கலிலோ நன்றாக ஊன்றிப்போன நடைமுறைதான் உர்ஃப். கிதாபுகளில், அதாவது ஃபிக்ஹு நூல்களில், ஆதத் என்றும் வரும். இங்கே இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்வோம்.

இடம் இருக்கிறது. நிய்யத்தை (எண்ணத்தை)ப் பொறுத்தே காரியங்கள், உறுதியானது சந்தேகத்தால் நீங்காது, சிரமம் எளிமையைக் கொண்டுவரும், தீங்கு நீக்கப்பட வேண்டும் என்ற நான்கு பெரும் விதிகளோடு ஐந்தாவதாக "அல்ஆதத்து முஹக்கமா", அதாவது வழக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்பதையும் அறிஞர்கள் சேர்த்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) அறிஞர் சுயூத்தியும் (இறப்பு 1505), ஹனஃபி மத்ஹபின் அறிஞர் இப்னு நுஜைமும் (இறப்பு 1563) இந்த விதியை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் எந்த மாதிரி இடம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஹலால், ஹராமைத் தீர்மானிக்கும் வேலை வழக்கத்துக்குக் கிடையாது. நஸ், அதாவது குர்ஆன், ஹதீஸின் நேரடி வாசகம், ஒரு கடமையைச் சொல்லிவிட்டு அதன் அளவை மக்களிடம் விட்டிருக்கும். அந்த அளவைச் சொல்வது வழக்கத்தின் வேலை. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் தாமாகவே அவிழ்ந்துவிடும்.

குர்ஆன், ஹதீஸ்ல இதுக்கு நேரடி ஆதாரம் எங்கே?

தாய்மார்களுக்கு உணவும் உடையும் கொடுப்பது குழந்தையின் தந்தை மீது கடமை என்று குர்ஆனின் 2:233ஆம் வசனம் சொல்கிறது. எவ்வளவு? "பில்மஃரூஃப்", அதாவது நல்ல முறையில் அறியப்பட்டபடி. எண்ணிக்கை எதுவும் இல்லை. மனைவியரோடு மஃரூஃபான முறையில் வாழுங்கள் என்று 4:19 சொல்கிறது. அநாதையின் சொத்தைப் பராமரிப்பவர் ஏழையாக இருந்தால் அதிலிருந்து மஃரூஃபான அளவு உண்ணலாம் என்கிறது 4:6. சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். என்ன உணவு என்றால், உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் கொடுப்பதில் நடுத்தரமானது (5:89). குடும்பம் என்ன சாப்பிடுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். மாறட்டும் என்றுதான் வசனம் அப்படி இருக்கிறது.

ஹதீஸில் ஹிந்த் பின்த் உத்பா (ரலி) சம்பவம் புகழ்பெற்றது. கணவர் அபூ சுஃப்யான் கையைச் சுருக்குபவர், போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டார். "உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை மஃரூஃபான முறையில் எடுத்துக்கொள்" என்றார்கள் நபி (ஸல்). புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. வழக்கத்தை அளவுகோலாக எடுக்கும் எல்லா மத்ஹபினரும் வந்து நிற்கும் ஹதீஸ் இது.

"முஸ்லிம்கள் நல்லதாகக் காண்பது அல்லாஹ்விடமும் நல்லதே" என்று ஹதீஸ் இருக்கே, அது போதாதா?

அது நபிமொழியாக உறுதிப்படவில்லை. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் சொல்லாக முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. பல பழைய நூல்கள் இதை நபிமொழி என்று எழுதிவிட்டதால் குழப்பம். மேலே சொன்ன வசனங்களும் ஹிந்தின் ஹதீஸும் இருக்கும்போது பலவீனமான தூணில் சாய வேண்டிய தேவையே இல்லை.

இஸ்லாம் வந்ததும் ஜாஹிலிய்யா வழக்கமெல்லாம் ஒழிஞ்சதுன்னுதானே படிச்சோம்?

ஜாஹிலிய்யா, அதாவது இஸ்லாமுக்கு முந்தைய காலத்து வழக்கம், எல்லாமே ஒழியவில்லை, சலித்தெடுக்கப்பட்டது. நபி (ஸல்) மதீனா வந்தபோது அங்கே மக்கள் பழங்களுக்கு ஓராண்டு, இரண்டாண்டு முன்பே பணம் கொடுத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கவில்லை. முன்பணம் கொடுப்பவர் அறியப்பட்ட அளவுக்கு, அறியப்பட்ட எடைக்கு, அறியப்பட்ட தவணைக்குக் கொடுக்கட்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். அதுதான் இன்றைய ஸலம் ஒப்பந்தம். ஒருவர் முதல், இன்னொருவர் உழைப்பு என்ற முழாரபா கூட்டு வியாபாரமும் பழைய வழக்கம்தான், அப்படியே தொடர்ந்தது.

மறுபக்கம் வட்டி, மனைவியைத் தாயின் முதுகுக்கு ஒப்பிட்டுத் தொங்கலில் விடும் ழிஹார், இறந்தவரின் மனைவியைச் சொத்துபோல் வாரிசாக அடைவது ஆகியவை அடியோடு போயின. வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகக் கணக்கில் எடுப்பதும் போனது. அன்று நான்கு வகைத் திருமணம் இருந்தது, நபி (ஸல்) இன்றைய நிக்காஹ் ஒன்றைத் தவிர மற்றதை ஒழித்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. பழையது என்பதற்காக எதையும் ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. அநீதியும் நஸ்ஸோடு மோதலும் இருந்ததா என்று பார்க்கப்பட்டது.

நாலு மத்ஹபும் இதை ஏத்துக்கிட்டாங்களா? ஷாஃபிஈயில கிடையாதுன்னாங்களே?

நான்கிலும் உண்டு. ஹனஃபிகளும் மாலிகிகளும் வெளிப்படையாக அதிகம் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஷாஃபிஈ அறிஞர்களின் விதி ஒன்று: ஷரீஅத் எல்லை சொல்லாமல் விட்டு, மொழியிலும் அதற்கு எல்லை இல்லை என்றால் வழக்கத்திடம் திருப்ப வேண்டும். திருட்டு வழக்கில் பொருள் "பாதுகாப்பான இடத்தில்" இருந்ததா என்பதை இப்படித்தான் பார்ப்பார்கள். தங்கத்துக்கு ஒரு பாதுகாப்பு, விறகுக்கு ஒரு பாதுகாப்பு. விற்ற பொருள் வாங்கியவர் கைக்கு வந்ததா என்பதும் அப்படியே.

வாய்ச்சொல் இல்லாமல் பணத்தைக் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொள்ளும் வியாபாரத்தை ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து ஏற்கவில்லை. ஆனால் அதே மத்ஹபின் தூணான இமாம் நவவி (இறப்பு 1277), மக்கள் எதை விற்பனையாகக் கருதுகிறார்களோ அது விற்பனை என்று சொல்லி அதைச் செல்லும் என்றார். ஷாஃபிஈயில் உர்ஃப் இல்லை என்பவர்களுக்கு இந்த ஒரு மஸ்அலாவே (சட்டப் பிரச்சினையே) போதும்.

இமாம் ஷாஃபிஈ இராக்கிலிருந்து எகிப்து போனதும் ஊர் வழக்கம் பார்த்துத்தானே கருத்தை மாத்தினாங்க?

இது மேடையில் நன்றாக எடுபடும் உதாரணம், அதனால்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவர்களின் பழைய கருத்தையும் புதிய கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொழுகை, தூய்மை போன்ற விஷயங்களிலும் மாற்றம் இருக்கிறது. அதற்கும் எகிப்தியர் வழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆதாரங்களை மறுபடி ஆய்ந்ததே முக்கியக் காரணம். வழக்கத்தால் தீர்ப்பு மாறியதற்கு வேறு உறுதியான உதாரணங்கள் நிறைய இருக்கின்றன, கீழே வரும்.

நடைமுறையில எங்கெல்லாம் இது வேலை செய்யுது? ஒண்ணு ரெண்டு சொல்லுங்களேன்.

சத்தியத்தில் தெளிவாகத் தெரியும். "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று சத்தியம் செய்தவர் மீன் சாப்பிட்டார். சத்தியம் முறிந்ததா? குர்ஆன் 16:14 கடலிலிருந்து கிடைப்பதைப் "புத்தம் புதிய இறைச்சி" என்கிறது. இருந்தும் முறியவில்லை என்கிறார்கள் ஹனஃபிகள், ஏனென்றால் பேச்சு வழக்கில் இறைச்சி என்றால் யாரும் மீனை நினைப்பதில்லை. "விளக்கருகில் உட்கார மாட்டேன்" என்றவர் வெயிலில் உட்கார்ந்தாலும் இப்படித்தான், குர்ஆன் சூரியனை விளக்கு என்று சொல்லியிருந்தாலும் சரி. சத்தியம் செய்தவன் தன் ஊர்ப் பேச்சில் பேசினான். அவனை அந்தப் பேச்சை வைத்தே விசாரிக்க வேண்டும்.

மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடையான மஹரில் எவ்வளவு உடனே, எவ்வளவு பிறகு என்று பேசாமல் விட்டால் வழக்கம் முடிவு செய்யும் என்பது ஹனஃபிகளின் நிலை. மஹரே பேசாமல் நிக்காஹ் நடந்திருந்தால் பெண்ணின் தந்தைவழி உறவுப் பெண்களுக்குக் கொடுக்கப்படும் மஹரை ஒத்த தொகை அவளுக்கு உரியது. கைவினைஞரிடம் சொல்லிப் பொருள் செய்யச் சொல்லும் இஸ்திஸ்னாவும் வழக்கத்தால் நிலைபெற்றதே. இல்லாத பொருளை விற்கக்கூடாது என்ற பொது விதிப்படி அது கூடாது. ஆனால் மக்கள் காலம்காலமாக, யாரும் மறுக்காமல் செய்துவருவதால் ஹனஃபிகள் விதிவிலக்கு கொடுத்தார்கள்.

ஒப்பந்தத்துல எழுதாத நிபந்தனையைக் கேட்டா செல்லுமா?

வழக்கத்தில் அறியப்பட்டது நிபந்தனை போட்டதைப் போன்றது என்பது விதி. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட மஜல்லா என்ற சிவில் சட்டத்தொகுப்பில் இது 43ஆவது பிரிவு. வியாபாரிகளிடையே அறியப்பட்டது அவர்களுக்குள் நிபந்தனை போட்டதைப் போன்றது என்று 44ஆவது பிரிவு சொல்கிறது.

ஆனால் இரு தரப்பும் வாய்விட்டு வேறு மாதிரிப் பேசியிருந்தால் வழக்கம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சுமைகூலி விற்பவருடையது என்பது வழக்கமாக இருக்கலாம்; "வாங்குபவரே கொடுப்பார்" என்று பேசி முடித்துவிட்டால் அந்தப் பேச்சுதான் செல்லும்.

அப்போ எந்த வழக்கமா இருந்தாலும் ஏத்துக்கலாமா?

இல்லை. நான்கு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று இப்போது சொன்னது, எதிரான வெளிப்படைப் பேச்சு இருக்கக்கூடாது. அடுத்து, எங்கோ சிலர் செய்வது போதாது. அது தொடர்ச்சியாகவோ பெரும்பான்மையாகவோ இருக்க வேண்டும். மூன்றாவது, ஒப்பந்தம் நடந்த நேரத்தில் அந்த வழக்கம் நடப்பில் இருந்திருக்க வேண்டும். பழைய வக்ஃபு (அறக்கொடைச் சொத்து) பத்திரத்தின் சொற்களை, எழுதியவர் காலத்து வழக்கப்படியே படிக்க வேண்டும். நூறு வருஷம் கழித்து அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்தால் அதைப் பின்னோக்கித் திணிக்க முடியாது.

கடைசியானதுதான் பெரியது: நஸ்ஸோடு மோதக்கூடாது. ஊரே வட்டி வாங்கினாலும் வட்டி வட்டிதான். இப்படி மோதும் வழக்கத்தை ஃபாஸித், கெட்டுப்போன வழக்கம் என்பார்கள்.

பழைய கிதாபுல இருக்கிற தீர்ப்பை இன்னைக்கு வழக்கம் மாறிடுச்சுன்னு மாத்த முடியுமா? அது பெரியவங்களை மீறுறதாகாதா?

மாற்றாமல் இருப்பதுதான் பெரியவர்களை மீறுவது. இது என் வார்த்தை அல்ல. எகிப்தின் மாலிகி அறிஞர் கராஃபி (இறப்பு 1285) சொன்னதன் சாரம். வழக்கத்தின் மீது கட்டப்பட்ட தீர்ப்பை வழக்கம் போன பிறகும் பிடித்துக்கொண்டிருப்பதை மார்க்கத்தில் வழிகேடு என்றும், அறிஞர்களின் நோக்கம் அறியாமை என்றும் அவர் கடுமையாகவே எழுதுகிறார். வெளியூர்க்காரர் ஃபத்வா கேட்டு வந்தால் உன் ஊர் வழக்கப்படி சொல்லாதே, அவர் ஊர் வழக்கத்தைக் கேட்டு அதன்படி சொல் என்பதும் அவர் அறிவுரை. தலாக்கில் அவர் காட்டும் இடம் முக்கியமானது. "கலிய்யா", "பரிய்யா" போன்ற சொற்கள் ஒரு காலத்தில் தலாக்கைக் குறித்தன. யாரும் அப்படிப் பேசாத காலத்தில் கிதாபில் இருக்கிறது என்பதற்காக அந்தத் தீர்ப்பைக் கொடுத்தால் ஒரு குடும்பம் வீணாகப் பிரிந்துவிடும்.

ஒரு வழக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழத் தொடங்கிவிட்டார்கள். மஹரைக் கொடுத்துவிட்டேன் என்கிறான் கணவன், வாங்கவில்லை என்கிறாள் மனைவி. எழுத்து எதுவும் இல்லை. கணவன் சொல்லை ஏற்க வேண்டும் என்றார் இமாம் மாலிக். மேலோட்டமாகப் பார்த்தால் ஆண் பக்கம் சாய்வதாகத் தெரியும். காரணத்தைப் பக்தாதின் காழியாக (நீதிபதியாக) இருந்த மாலிகி அறிஞர் இஸ்மாயீல் (இறப்பு 896) விளக்கினார்: மதீனாவில் மஹர் முழுவதையும் கையில் வாங்காமல் பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை. அதனால் அங்கே சூழ்நிலை கணவனுக்குச் சாட்சி சொன்னது. இன்று நம்மிடம் வழக்கம் தலைகீழ், ஆகவே மனைவி சத்தியம் செய்து சொல்வதையே ஏற்க வேண்டும் என்று முடித்தார். இமாமை அவர் மறுக்கவில்லை. இமாமின் காரணத்தைப் பின்பற்றினார், அதனால் தீர்ப்பு மாறியது. இந்த மஸ்அலாவைப் படிக்கும்போதெல்லாம், காரணம் தெரியாமல் தீர்ப்பை மட்டும் மனப்பாடம் செய்தவர் கையில் அந்தப் பெண்ணின் உரிமை என்ன ஆகியிருக்கும் என்று நெஞ்சு பதறுகிறது.

டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (1784–1836) இதே விஷயத்துக்காகத் தனி ஆய்வே எழுதினார். குர்ஆன் கற்பிக்கக் கூலி வாங்கக்கூடாது என்று பழைய ஹனஃபிகள் சொன்னார்கள். ஆசிரியர்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து மானியம் வந்த காலம் அது. மானியம் நின்றதும், கூலி கூடாது என்றால் கற்பிக்க ஆளிருக்காது என்பதால் பின்னால் வந்தவர்கள் அனுமதித்தார்கள்.

அப்படீன்னா காலம் மாறுதுன்னு சொல்லி எல்லாத்தையும் மாத்திடலாமே? நாளைக்கு தொழுகையையும் மாத்துவாங்க!

பயம் நியாயமானது, ஆனால் கதவு அவ்வளவு அகலமில்லை. "காலம் மாறினால் தீர்ப்புகள் மாறுவது மறுக்கப்படாது" என்ற மஜல்லாவின் 39ஆவது பிரிவு வழக்கத்தின் மீது கட்டப்பட்ட தீர்ப்புகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது அறிஞர்களின் விளக்கம். தொழுகையின் ரக்அத், வாரிசுப் பங்கு, வட்டித் தடை எதுவும் வழக்கத்தின் மீது கட்டப்பட்டதல்ல. அங்கே மாறுவதற்கு எதுவும் இல்லை.

மாறக்கூடியது எது என்பதற்கு ஸ்பெயினின் கிரனாதாவைச் சேர்ந்த அறிஞர் ஷாதிபி (இறப்பு 1388) ஓர் உதாரணம் தருகிறார். கிழக்கு நாடுகளில் மதிப்புள்ள ஆண் தலை திறந்து நடப்பது இழுக்கு. மேற்கில், அதாவது ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கம், அப்படி இல்லை. ஆகவே தலை திறந்து நடப்பவரின் சாட்சியத் தகுதி கிழக்கில் பாதிக்கப்படும், மேற்கில் பாதிக்கப்படாது. சாட்சி நேர்மையாளராக இருக்க வேண்டும் என்ற சட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஹதீஸே அன்றைய வழக்கத்தைப் பார்த்து வந்திருந்தா என்ன செய்றது?

இங்கேதான் பெரிய இமாம்களே பிரிந்து நிற்கிறார்கள். கோதுமைக்குக் கோதுமை மாற்றும்போது சம அளவாக இருக்க வேண்டும் என்று ஹதீஸ். அன்று கோதுமையைப் படியால் அளந்தார்கள், தங்கத்தை நிறுத்தார்கள். பிற்காலத்தில் மக்கள் கோதுமையை எடை போட ஆரம்பித்தால்? நஸ்ஸில் வந்தபடி அது என்றைக்கும் படிக்கணக்குதான் என்றார்கள் இமாம் அபூஹனீஃபாவும் அவர் மாணவர் இமாம் முஹம்மதும். அந்த நஸ்ஸே அன்றைய வழக்கத்தைக் கருதி வந்தது, வழக்கம் மாறினால் எடையில் சமம் பார்க்கலாம் என்பது அபூஹனீஃபாவின் இன்னொரு மாணவரான அபூ யூசுஃபின் (இறப்பு 798) கருத்து. சமமாக இருக்க வேண்டும் என்பதை அவரும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கால்நடை மேய்ந்த வழக்கும் இப்படித்தான். பராஃ (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவரின் தோட்டத்தில் புகுந்து நாசம் செய்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடை செய்யும் சேதம் அதன் உரிமையாளர் பொறுப்பு என்று நபி (ஸல்) தீர்ப்பளித்தார்கள். பகலில் கட்டிவைத்து இரவில் மேய்க்கும் ஊராக இருந்தால் தீர்ப்பும் திரும்பும் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் சொன்னார்கள். எனக்கு இந்த வாசிப்பு ஹதீஸுக்கு நெருக்கமாகவே படுகிறது; யார் காவல் இருக்க வேண்டிய நேரத்தில் அசந்தாரோ அவரே பொறுப்பு என்பதுதானே அதன் உள்ளே இருப்பது.

ஒரே ஒரு ஊர்ல மட்டும் இருக்கிற வழக்கம் போதுமா?

பேச்சின் பொருளுக்கும் ஒப்பந்த விவரத்துக்கும் போதும். நஸ்ஸில் ஒரு விதிவிலக்கு வாங்கப் போதாது என்பது பெரும்பான்மை ஹனஃபிகளின் நிலை. பல்க் நகரில் நெசவாளிக்கு, அவர் நெய்யும் துணியிலேயே ஒரு பங்கைக் கூலியாகக் கொடுப்பது வழக்கம். அந்த ஊர் அறிஞர்கள் அனுமதித்தார்கள். மற்றவர்கள் ஒப்பவில்லை, அரைத்த மாவிலிருந்தே அரைப்பவருக்குக் கூலி கொடுப்பதைத் தடுக்கும் அறிவிப்பு இதையும் கட்டுப்படுத்தும், அதைத் தாண்ட ஓர் ஊர் வழக்கத்துக்குப் பலமில்லை என்றார்கள்.

இமாம் மாலிக் சொல்ற மதீனாவாசிகளின் நடைமுறையும் உர்ஃபும் ஒண்ணா?

வேறு வேறு. மதீனாவாசிகளின் நடைமுறையை இமாம் மாலிக் (இறப்பு 795) எடுத்தது அது நபி (ஸல்) காலத்திலிருந்து தலைமுறையாக வந்த செய்தி என்பதால். ஸாஃ என்ற அளவுப் படி பற்றி அபூ யூசுஃப் அவரோடு விவாதித்தபோது, மதீனாக் குடும்பங்கள் தங்கள் முன்னோரிடமிருந்து வந்த படிகளைக் காட்டின. அபூ யூசுஃப் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அங்கே நடைமுறை ஆதாரமாகவே நிற்கிறது. உர்ஃப் எந்த ஊருடையதாகவும் இருக்கலாம், அது நபிவழிக்குச் சாட்சி சொல்வதில்லை.

ஒரு சமூகமே வாரிசுரிமையில் வேறு வழக்கம் வெச்சிருந்தா?

சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் தாய்வழிச் சமூகம். பரம்பரை நிலம் பெண்வழியில் போகும். மக்காவில் கற்பித்த மினாங்கபாவ் அறிஞர் அஹ்மத் கதீப் இதைக் கடுமையாக எதிர்த்தார். பின்னால் வந்தவர்களில் சிலர் பரம்பரைச் சொத்து தனிமனிதருடையதே அல்ல, குலத்தின் பொதுச் சொத்து, வக்ஃபு போன்றது என்று விளக்கி அதைத் தனியே வைத்தார்கள். ஒருவர் தாமே சம்பாதித்தது மட்டும் குர்ஆன் சொல்லும் பங்குகளின்படி பிரியும். எதிர்த்தவரும் விளக்கியவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: ஒருவரின் சொந்தச் சொத்து என்று ஆகிவிட்டால் அங்கே வழக்கத்துக்கு வேலை இல்லை.

எங்க குடும்பத்துல பொண்ணுங்க பங்கு கேக்கறதில்லை, விட்டுக்கொடுக்கறதுதான் வழக்கம். இதுவும் உர்ஃப்தானே?

இல்லை. மேலே சொன்ன நான்காவது நிபந்தனையில் நேராக மோதுகிறது. 4:7 ஆண்களுக்கும் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு, சொத்து குறைவானாலும் அதிகமானாலும் சரி, விதிக்கப்பட்ட பங்கு என்று சொல்லிவிட்டது. ஒரு பெண் தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, அதைக் கையில் வாங்கிய பிறகு மனமார அண்ணனுக்குக் கொடுத்தால் அது அன்பளிப்பு. "கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும்" என்று பயந்து வாய் திறக்காமல் இருப்பது சம்மதமாகாது. வெட்கம் என்ற வாளைக் காட்டி வாங்கியது ஹராம் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் சொல்வதுண்டு. உர்ஃப் என்ற பெயரை இந்த அநியாயத்துக்குப் போர்வையாக்குபவர்களை நான் பலமுறை பார்த்துவிட்டேன். பிரித்துக் கொடுத்துவிடுங்கள், பெருந்தன்மையை அவர்கள் பிறகு காட்டட்டும்.

வெவ்வேறு வழக்கம் உள்ள ரெண்டு ஊர்க்காரங்க ஒப்பந்தம் போட்டா யார் வழக்கம் செல்லும்?

ஹனஃபி நூல்களில் நாணயத்தை வைத்து இதைப் பேசுகிறார்கள். "பத்து தீனார்" என்று மட்டும் சொல்லி விற்றால், விற்பனை நடந்த ஊரில் பெரும்பான்மையாகப் புழங்கும் தீனார்தான் பொருள். அங்கே பல வகைத் தீனார் சமமாகப் புழங்கி, மதிப்பு மட்டும் வேறுபட்டால், எது என்று குறிப்பிடாதவரை அந்த விற்பனை ஃபாஸிதாகிவிடும். வழக்கம் ஒரே பதிலைச் சொல்லாதபோது அதன் மீது எதையும் கட்ட முடியாது. அதனால் ஊர் விட்டு ஊர் வியாபாரம் செய்பவர்கள் எந்த நாணயம், எந்த அளவு, செலவு யாருடையது என்று மூன்றையும் வாய்விட்டுப் பேசி எழுதிவைப்பதே சரி.